வடசென்னை மாடியில் பூண்டு: முதலில் ஃப்ரிட்ஜில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், சமையலறையில் முளைவிட்ட பூண்டுப் பல்லைப் பையில் ஊன்றினால் நான்கு மாதத்தில் முழுப் பூண்டு கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மலைப்பகுதிக்கு அது சரி. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் அப்படி ஊன்றினால் தாள் மட்டும் பச்சைப்பசேலென்று வளரும். மார்ச்சில் பிடுங்கிப் பார்த்தால் அடியில் தடித்த தண்டு இருக்கும். இல்லையென்றால் பல் பிரியாத ஒற்றை உருண்டை. உரம் போதவில்லை என்று எண்ணி அடுத்த ஆண்டு புண்ணாக்குக் கரைசலை இரட்டிப்பாக ஊற்றுகிறார்கள். தாள் இன்னும் உயர்கிறது, பூண்டு திரள்வதில்லை.

குறை உரத்தில் இல்லை. பூண்டு பல் பிரிந்து திரள வேண்டுமானால், விதைப்பல்லோ இளம்பயிரோ சில வாரமாவது நல்ல குளிரில் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு பகல் நீளவும் வெயில் ஏறவும் வேண்டும். நம் கடைகளுக்கு வரும் பூண்டில் பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கமும் ராஜஸ்தானின் கோட்டா பக்கமும் விளைவது. அங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். சென்னையில் ஜனவரி விடியற்காலையிலும் 20, 21 டிகிரி இருக்கும். அந்தக் குளிரை நம் வானம் தராது. வீட்டு ஃப்ரிட்ஜ் தரும்.

எந்தப் பூண்டை எடுப்பது என்பதும் முக்கியம். சென்னையில் டிசம்பரில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம், மார்ச் இரண்டாம் வாரத்தில்தான் 12 மணியைத் தாண்டுகிறது. காஷ்மீர், இமாசலப் பக்கத்து ரகங்கள் இதைவிட நீண்ட பகலுக்குப் பழகியவை. எத்தனை நாள் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இங்கே திரளாது. புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் மலைக்குளிரில் பழகியதுதான், கடலோர மாடிக்கு வேண்டாம். மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண வடநாட்டுப் பூண்டே போதும். விதையாகவே வாங்க முடிந்தால் ஜி-282, பீமா பர்ப்பிள் போன்ற சமவெளி ரகங்களைக் கேளுங்கள்.

செப்டம்பர் கடைசியில், கெட்டியான, பூசணம் இல்லாத முழுப் பூண்டாகப் பார்த்து வாங்குங்கள். பல்லைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்து, காகிதப் பையிலோ துணிப் பையிலோ போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் பல் செத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். மூன்று மாதம் வரை விட்டுவிட்டால் செடி பக்கத்தில் கிளைத்து, பூண்டு கோணல்மாணலாக வரும். வெளியே எடுத்த பல்லைச் சமையலறைச் சூட்டில் நாள்கணக்கில் வைக்கவும் கூடாது. கடும் சூடு பட்டால் வாங்கிய குளிரின் பலன் போய்விடும். ஊன்றுவதற்கு முதல் நாள் மாலை எடுத்துப் பல் பிரித்தால் போதும். வெளிவட்டத்துப் பெரிய பற்களை மட்டும் எடுங்கள், மேல்தோலை உரிக்காதீர்கள். உள்ளேயுள்ள சிறு பற்களில் ஒற்றை உருண்டைதான் வரும், அவை குழம்புக்குப் போகட்டும். ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தால் அடியழுகல் குறையும்.

அடுத்தது தண்ணீர். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் பல போர்வெல்களில் உப்புநீர்தான். வெங்காயக் குடும்பத்துப் பயிர்கள் உப்பைத் தாங்கமாட்டா. இலைநுனி பழுப்பாகக் கருகுவதும், பையின் விளிம்பில் வெள்ளைப் படிவு காய்ந்து நிற்பதும் அதன் அடையாளங்கள். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவி வைத்திருப்பவர்கள் அளந்து பாருங்கள்: 500-க்குள் இருந்தால் நல்லது, 1000-ஐத் தாண்டினால் பூண்டுக்கு ஊற்ற வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் அதிகம். இயந்திரத்துக்குள் போகும் நீரில் உள்ளதைவிட அதிக உப்பு அந்தக் கழிவில்தான் இருக்கிறது. அதைக் கழிப்பறைக்குப் பயன்படுத்துங்கள். பூண்டுக்கு மெட்ரோ வாட்டர் அல்லது மழைக்காலத்தில் டிரம்மில் பிடித்து மூடி வைத்த நீர். ஏற்கெனவே உப்பு ஏறிய பையில் அடியிலிருந்து நன்றாக வடியும் வரை நல்ல நீரை ஒரே மூச்சில் ஊற்றி அலசிவிடலாம்.

மண்ணிலும் இதே கவனம் வேண்டும். அருகில் கிடைக்கிறதென்று கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. தென்னைநார்க் கட்டியிலும் உப்பு உண்டு. ஊறவைத்துப் பிழிந்து, வடிநீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை அலசிய பிறகே கலக்க வேண்டும். கலவை இறுகினால் பூண்டு பருக்க இடமிராது. சலித்து மாவுத்துகள் நீக்கிய எம்-சாண்ட் கொஞ்சம் சேர்க்கலாம். பை ஓரடி அகலமும் முக்கால் அடி ஆழமும் இருந்தால் ஆறு பல் ஊன்றலாம். கறுப்புப் பை மாடி வெயிலில் வேரை வேகவைக்கும், வெளிப்புறம் வெள்ளையாக உள்ளதை வாங்குங்கள். தரையில் நேராக வைக்காமல் செங்கல் மீது வைத்தால் காங்கிரீட்டின் சூடும் ஏறாது, அடித்துளையும் அடைபடாது.

ஊன்றும் காலம் நவம்பர் கடைசி வாரம். வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க முடியாது. புயல் அறிவிப்பு வந்தால் பைகளைச் சன்ஷேடுக்கு அடியிலோ படிக்கட்டு அறையிலோ நகர்த்திவிடுங்கள். இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலே பல் அழுகிப்போகும். கூர்முனை மேலே பார்க்க, 3 முதல் 4 செ.மீ. ஆழத்தில், பல்லுக்குப் பல் 10 செ.மீ. இடைவெளி விட்டு ஊன்றி, மேலே காய்ந்த சருகு பரப்புங்கள். ஆறு மணி நேர வெயிலாவது படும் இடமாக இருக்கட்டும்.

முளைத்து மூன்று வாரமானதும், ஊறவைத்த கடலைப் புண்ணாக்கின் தெளிநீரைப் பத்து மடங்கு நீர் சேர்த்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம். ஜனவரி நடுவில், பொங்கலோடு, இதை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் தழைச்சத்து தாளுக்குப் போகும். திரண்டுவரும் பல்லே மறுபடி முளைவிடத் தொடங்கும். விரல் நுழைத்துப் பார்த்து, ஓரங்குலம் வரை மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

பூச்சிகளில் பெரும் தொல்லை இலைப்பேன். மழை நின்று வறண்ட காற்று அடிக்கும்போது வரும். இலையில் வெள்ளிக்கோடுகள் தெரிந்தால் குருத்தின் இடுக்கைப் பிரித்துப் பாருங்கள், அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் தாழ்ந்தபின் குருத்துக்குள் இறங்குமாறு வாரம் ஒருமுறை தெளியுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் இலைமேல் தூசி படிந்தால் காலையில் நீர் தெளித்துக் கழுவலாம். மாலையில் கழுவினால் ஈரம் இரவெல்லாம் நின்று ஊதாப் புள்ளி நோய் வரும்.

மார்ச் நடுவில் கீழ் இலைகள் பாதி மஞ்சளாகும். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாளோடு பிடுங்கி, காற்றோட்டமான நிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். மார்ச் வெயிலில் காயவைத்தால் பல் வெந்துவிடும். விளைந்த பூண்டு சிறு எலுமிச்சை அளவே இருக்கும். சென்னையில் அதுவே நல்ல விளைச்சல்.

இவ்வளவும் முடியாதவர்கள் குளிரூட்டாத பல்லையே நவம்பரில் நெருக்கமாக ஊன்றி, நாற்பது நாளில் தாளாக அறுக்கலாம். குஜராத்திகள் குளிர்காலத்தில் விரும்பிச் சமைப்பது இந்தப் பச்சைப் பூண்டைத்தான். நம் வீட்டில் முட்டைப் பொரியலுக்கும் துவையலுக்கும் அருமையாக இருக்கும். முளைவிட்ட சமையலறைப் பூண்டுக்கு இதுவே சரியான வழி என்பது என் கருத்து.

பூண்டு நடவு பற்றிய குறிப்புகள் நவம்பரில் வெளியாகும்போது, ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய காலம் கடந்துவிடுகிறது. தங்கள் வீட்டுத்தோட்டப் பகுதியில் இந்தச் செய்தியைச் செப்டம்பர் மூன்றாம் வாரத்திலேயே ஒருமுறை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
கொருக்குப்பேட்டை, சென்னை