டைரியில் இருக்கும் புள்ளிகள்

கோத்தகிரி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. தாண்டிக்குடியில் காப்பி பூத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். இங்கே இன்னும் நல்ல மழை இல்லை. பச்சைத் தேயிலை விலையைப் பற்றிக் கேட்காதே. எங்கள் தெருவுக்கு ஒரு கரடி பழகிவிட்டது; இருட்டினால் யாரும் தனியாக வெளியே போவதில்லை. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்ததா?

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பாவின் எஸ்டேட் டைரிகளைத் தட்டச்சு செய்யும்போது புள்ளி, கோடு, மேற்கோள் குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் பிறகு தேடுவது சுலபமாகுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். அவர் எழுதியது அப்படியே இருக்கட்டும்.

டேட்டாபேஸ் தேடுவதற்காகப் போடும் அட்டவணையில் அந்தக் குறிகள் எப்படியும் சேர்வதில்லை. உரையைச் சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்கிறது. எழுத்தும் எண்ணும் சொல்லுக்குள் போகும். மற்றதெல்லாம் வெட்டும் இடம். நமக்குத் தொல்லை அங்கேதான். எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸின் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5-இல் வழக்கமாக இருக்கும் யூனிகோட்61 என்ற வெட்டும் முறைக்கு க, ல எழுத்துகள். கால், கொம்பு, மெய்ப்புள்ளி எதுவும் எழுத்து இல்லை! கணினி எழுத்துகளுக்கான பொதுப் பட்டியலான யூனிகோடில் அவற்றுக்குத் தனி வகை, அதனால் காற்புள்ளியோடு சேர்த்து வெட்டிவிடுகிறது. ‘கூலி’ என்று தேடினால் காலி, கேலி, கோலி, கொலை எல்லாம் வந்து நிற்கும். எல்லாமே அதற்கு ஒரு ‘க’, ஒரு ‘ல’. எஸ்டேட் கணக்கில் இத்தனை கொலையா என்று நீ பயந்துவிடுவாய்.

இதற்கு வழி இருக்கிறது. அட்டவணையை உருவாக்கும்போதே ‘கேட்டகரீஸ்’ என்ற அமைப்பில் எம்என், எம்சி என்ற இரண்டு வகைகளையும் சேர்த்துவிடு. இரண்டும் வேண்டும். மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என்; கால், கொம்பு, மற்ற குறிகள் எம்சி. ஒன்றை மட்டும் சேர்த்தால் பாதிதான் சரியாகும். பிறகு மாற்ற நினைத்தால் அட்டவணையை முதலிலிருந்து கட்ட வேண்டும், அதனால் இப்போதே செய்துவிடு.

அடுத்த தொல்லை, தேடும் பெட்டியில் நாம் அடிப்பது. டைரியில் கிடக்கும் கோடு யாரையும் ஒன்றும் செய்யாது, ஆனால் பெட்டியில் அதே கோடு ஒரு கட்டளை. ‘யூபாஸி-9’ என்று நாற்று ரகத்தைத் தேடினால் 9 என்று ஒரு நெடுவரிசையே கிடையாது என்று பதில் வரும். சர்வே எண் ‘214/2’ அடித்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் இரண்டும் ஒழுங்காக வேலை செய்யும்: 214, அதையடுத்து 2. நடுவில் சாய்கோடா, சிறுகோடா, வெற்றிடமா என்று அது பார்ப்பதில்லை. ‘டி.கே.’ என்றும் ‘டி. கே.’ என்றும் அப்பா இனிஷியலை மாற்றி மாற்றி எழுதியிருந்தாலும் ஒரே தேடலில் வந்துவிடும். ‘டிகே’ என்று ஒட்டி எழுதியிருந்தால்தான் தனியாகத் தேட வேண்டும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. ‘மூட்டை இறங்கியது குன்னூர். சந்தை விடுமுறை’ என்று இருந்தால் ‘குன்னூர் சந்தை’ என்ற தேடலில் அதுவும் வரும். முற்றுப்புள்ளி அதைத் தடுக்காது. எனக்கு இது பரவாயில்லை, கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம். கூலிக்கு, கூலியை எல்லாம் வேண்டுமென்றால் சொல்லுக்குப் பின்னால் நட்சத்திரம் போடு, ஆனால் மேற்கோளுக்கு வெளியே. உள்ளே போட்டால் அதுவும் வெறும் குறியாகிவிடும்.

உன் மருமகன் மைஎஸ்க்யூஎல் என்ற வேறு டேட்டாபேஸைப் போடச் சொன்னாராமே. அதில் வழக்கமாக வரும் இன்னோடிபி வகை அட்டவணை வழக்கமாக மூன்று எழுத்துக்குக் குறைந்த துண்டை விட்டுவிடும். 214/1, 214/2, 214/3 மூன்றுமே அதற்கு வெறும் 214. பட்டா விவகாரத்தில் இது ஆகாது. அமைப்பை மாற்றலாம், ஆனால் ஞாபகமாக மாற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் என்ற மூன்றாவது டேட்டாபேஸ் பெரிய வேலைக்கு நல்லது. 2018-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, நாம் எந்தக் குறியை அடித்தாலும் கோபித்துக்கொள்ளாத ஒரு தேடல் அதில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் தமிழ் விகுதிகளை வெட்டும் வசதியும் வந்தது. ஒரு வீட்டு டைரிக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

துடைக்க வேண்டியவை இரண்டே. பழைய தட்டச்சு மென்பொருள்கள் சொல்லுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை விட்டுப்போகும், அது சொல்லை இரண்டாக வெட்டிவிடும். அதை எடுத்துவிடு. அப்புறம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டிய ‘கொ’ பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒரே குறியாகத் தட்டியதோடு பொருந்தாது. இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற முறையில் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிவிடு. தேடும் சொல்லையும் அதே வழியில் அனுப்பு.

இனிஷியலும் சர்வே எண்ணும் நிறைய உள்ள பத்துப் பக்கம் தட்டச்சானதும் எனக்கு அனுப்பு, ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது விருப்பாச்சிப் பழம் கொண்டு வா. கரடி விஷயத்தை மறந்துவிடாதே, பகல் பஸ்ஸில் வா.

அன்புடன்,
ரங்கன்