ரத்தம் விபத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்தில் சிக்கிய ஒருவருக்கு "பி பாசிட்டிவ் ரத்தம் உடனடியாகத் தேவை, எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று கேட்கும் செய்திகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வலம் வருகின்றன. அவற்றுள் பல, எந்த ஊர், எந்தத் தேதி என்றே தெரியாமல் தமிழ்நாட்டிலிருந்து சுற்றிச் சுற்றி இங்கு வந்து சேர்பவை. அனுப்புவோரின் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. ஆயினும், அறுவைக்கூடத்தில் மயக்க மருந்துப் பிரிவுத் தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சிங்கப்பூரில் படுகாயமுற்ற ஒருவரைக் காப்பாற்றுவது, முன்பின் அறியாத யாரோ சில நாள்களுக்கோ சில வாரங்களுக்கோ முன்பு கொடுத்துவிட்டுப் போன ரத்தம்தான்.

கட்டுமானத் தளத்தில் சாரத்திலிருந்து விழுந்த ஓர் இளைஞரை எண்ணிப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ளவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் இருக்கும். தொடை எலும்பு முறிந்தால், வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் தசைக்குள்ளேயே ஒரு லிட்டர் வரை கசிந்துவிடக்கூடும். இடுப்பெலும்பு நொறுங்கினால் இழப்பு அதைவிட அதிகம். இளம் உடல் ரத்தக்குழாய்களை இறுக்கிக்கொண்டு ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், அவர் நம்மோடு பேசிக்கொண்டுகூட இருப்பார். மயக்க மருந்து நிபுணரின் கவலை அங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான அறுவை சிகிச்சைகளில் கொடுக்கப்படும் புரோபோஃபோல் என்னும் மயக்க மருந்து அந்த இறுக்கத்தைத் தளர்த்திவிடும். தளர்ந்ததும் அழுத்தம் சரிந்து, இதயமே நின்றுபோகவும் வாய்ப்புண்டு. ஆகவே பெரும்பாலும் கெட்டமின் போன்ற மருந்தை, அதையும் அளவு குறைத்தே கொடுப்பார்கள். வயிற்றுக்குள் கடுமையாக ரத்தம் கசிகிறது என்றால், அவர் விழித்திருக்கும்போதே வயிற்றைக் கிருமிநாசினியால் துடைத்து, துணி போர்த்தி, அறுவை மருத்துவர் கையுறை அணிந்து கத்தியோடு தயாராக நின்ற பிறகே மயக்க ஊசி போடுவதும் உண்டு. அந்த ஊசிக்கு முன்பே ரத்தப் பைகள் அறைக்குள் வந்திருந்தால்தான் மருத்துவர்களுக்குத் தைரியம் வரும்.

நோயாளியின் ரத்த வகை தெரியாத முதல் நிமிடங்களில், பெரும்பாலும் எல்லாருக்கும் ஒத்துப்போகும் ஓ வகைச் சிவப்பணுக்கள் ஏற்றப்படும். நோயாளியின் ரத்த மாதிரி ஆய்வுக்கூடத்தை அடைந்து வகை தெரிந்ததும், அவருடைய வகைக்கு மாறுவார்கள். முழுமையான பொருத்தச் சோதனைக்கு முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். உறைநிலையில் வைக்கப்பட்ட பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, உருக்க அரை மணி நேரம் வரை பிடிக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 6 டிகிரியில் இருந்த பைகளை அப்படியே வேகமாக ஏற்றினால் உடல் குளிர்ந்து ரத்தம் உறையும் தன்மையை இழக்கும் என்பதால், அவை சூடேற்றும் கருவி வழியாகவே செல்லும். பையில் உறையாமல் இருக்கச் சேர்க்கப்படும் சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் அதையும் ஈடுசெய்ய வேண்டும். இத்தனை அவசரத்திலும் இரண்டு பேர் நின்று பெயர், அடையாள எண், ரத்த வகை, காலாவதித் தேதி எல்லாவற்றையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒரே தங்கும் விடுதியில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பது நம் வெளிநாட்டு ஊழியர்களிடையே சாதாரணம். தாதி மூன்றாவது முறையாகப் பெயரைக் கேட்டால் யாரும் சலித்துக்கொள்ள வேண்டாம்.

ரத்தக் கசிவைக் குறைக்க மருந்தே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் கொடுத்தால் மரணம் குறைவதை, 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட கிராஷ்-2 என்னும் ஆய்வு காட்டியது. ஆனால் இழந்த ரத்தத்தை அது திருப்பித் தராது.

உறவினர்கள் வரிசையில் நின்று கொடுத்தால் என்ன? அன்று எடுக்கப்படும் ரத்தத்தை எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்குச் சோதித்து, கூறுகளாகப் பிரித்த பிறகே பயன்படுத்த முடியும். அதற்குள் அந்த இளைஞரின் அறுவை சிகிச்சை முடிந்திருக்கும். மேலும், நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளணுக்களை நோயாளியின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட, அவை பெருகி அவரையே தாக்கும் அரிய, ஆனால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும் ஆபத்தும் உண்டு. இந்தியாவில் நோயாளியின் குடும்பம் ஈடாக ரத்தம் தரும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருப்பதால், நம்மில் பலருக்கு அதே நினைப்பு. இங்கு முழுக்க முழுக்கத் தன்னார்வக் கொடையாளர்களை நம்பியே சுகாதார அறிவியல் ஆணையம் ரத்த வங்கியை நடத்துகிறது. கொடையாளர்களைத் திரட்டுவது சிங்கப்பூர் செஞ்சிலுவைச் சங்கம்.

இங்கே நம் சங்கங்களிடமும் ஆலயங்களிடமும் ஒரு வேண்டுகோள். திருவிழாவையோ தலைவரின் பிறந்தநாளையோ ஒட்டி முகாம் நடத்தி, வந்தவர்களின் எண்ணிக்கையைப் பெருமையோடு அறிவிக்கிறோம். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 6 வாரம் தாங்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ 5 நாள்தான். அதோடு, ஒருமுறை ரத்தம் கொடுத்தவர் 12 வாரம் கழித்தே மீண்டும் கொடுக்கலாம் என்பதால், ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கொடுத்துவிட்டால் அடுத்த மூன்று மாதம் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கொடுக்க முடியாது. விடுமுறைக் காலங்களில் கொடையாளர் வருகை குறையும் என்பது தெரிந்ததுதான். ஒரே பெரிய முகாமுக்குப் பதிலாக உறுப்பினர்களை நான்கு பிரிவாக்கி, காலாண்டுக்கு ஒரு பிரிவை அனுப்பினால் படம் எடுக்க அவ்வளவு அழகாக இருக்காது. ரத்த வங்கிக்கு அதுவே மிகவும் பயன்படும்.

நம் சமூகத்துக்கு இதில் தனிப் பங்கும் உண்டு. ஆர்எச் நெகட்டிவ், அதாவது ஓ நெகட்டிவ், பி நெகட்டிவ் போன்ற ரத்த வகைகள், சீனர்களிடையே நூற்றில் ஒருவருக்கும் குறைவு. தெற்காசியரிடையே நூற்றில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இருக்கிறது. 1952ல் மும்பையில் கண்டறியப்பட்ட பாம்பே என்னும் அரிய ரத்த வகையினருக்கோ, சாதாரணச் சோதனையில் ஓ போலத் தோன்றினாலும், ஓ ரத்தம்கூட ஒத்துக்கொள்ளாது. அவ்வகையினரும் பெரும்பாலும் தெற்காசியரே. தம் ரத்த வகை இவற்றுள் ஒன்று என அறிந்தவர்கள், அவ்வப்போது அழைக்கப்படும் வகையில் பதிவு செய்துகொள்ளலாம்.

தகுதி கடினமானதன்று. முதல்முறை கொடுப்பவர் குறைந்தது 16 வயதும் 45 கிலோ எடையும் உடையவராய், நலமாக இருக்க வேண்டும்; வயதுக்கு உச்சவரம்பும் உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்குக் குறைந்தது பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13 கிராம். இந்த அளவு இல்லாமல் திருப்பி அனுப்பப்படும் நம் பெண்கள் அதோடு விட்டுவிடாமல், பலதுறை மருந்தகத்தில் இரும்புச்சத்துக் குறைபாட்டைச் சோதித்துக்கொள்வது அவர்களுக்கே நல்லது. ஊருக்குப் போய்த் திரும்பியவர்கள், சென்ற இடத்தில் மலேரியா உண்டெனில் சில காலம் காத்திருக்க நேரும். தீபாவளிக்கு விமானம் ஏறுமுன் ஊட்ரம் ரோட்டிலோ டோபி காட்டிலோ உட்லண்ட்ஸிலோ கொடுத்துவிட்டுப் போகலாம்.

செஞ்சிலுவைச் சங்கம் வகை வாரியாக ரத்த இருப்பு நிலவரத்தைத் தன் இணையத்தளத்தில் காட்டுகிறது. அதைத் தங்கள் நாளிதழ் வாரம் ஒருமுறை சிறிய கட்டமாக வெளியிட முன்வர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். தேதியில்லாத செய்தியை அனுப்புவதற்குப் பதில், நம் குழுக்களில் அந்தக் கட்டத்தைப் படமெடுத்துப் பகிர்ந்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவைக்கூடத் தாதி,
ஈசூன்