நம் ஊர் மழை அளப்போர் சங்கத்தின் 2023–24 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, இந்த வெயிலில் மாடியேறி வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மார்ச் முடிய நடந்தவற்றின் அறிக்கை இது. மூன்று மாதம் தாமதம். டிசம்பர் வெள்ளத்தில் சங்கத்தின் பதிவேடு நனைந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்து, மை கரைந்த இடங்களை நீங்கள் தினமும் காலையில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளோடு ஒத்துப் பார்த்து எழுதி முடிக்க இவ்வளவு நாள் ஆகிவிட்டது. குழுவில் குட்மார்னிங் படங்கள் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

வழக்கமான சங்கதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் தவிர எல்லா மாதமும் கூட்டம் நடந்தது. நம் மழைமானிகளில் ஒன்றை ஆடு முட்டிச் சாய்த்தது, மற்றொன்றின் புனலில் காக்கை குச்சி அடுக்கியது. இரண்டும் சரிசெய்யப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் உள்ளூர் மழையைவிடப் பசிபிக் பெருங்கடல்தான் அதிகம் பேசப்பட்டது. 2023 ஜூன் மாதம், அந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ தொடங்கிவிட்டதாக அமெரிக்க வானிலை மையம் அறிவித்தது. அன்று மாலையே உரக்கடை அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "செயலாளரே, அந்தக் கடல் எங்கே இருக்கு, நம்ம பாபநாசம் அணை எங்கே இருக்கு? அங்கே தண்ணி சூடானா இங்கே எனக்கு யூரியா விற்காதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஜூலைக் கூட்டம் முழுவதும் அதற்கே போனது.

அன்றைய கூட்டத்தில் பெருவிலிருந்துதான் ஆரம்பித்தோம். எல் நினோ என்பது ஸ்பானிய மொழியில் ஆண் குழந்தை, குறிப்பாகக் குழந்தை இயேசு. பெரு நாட்டுக் கரையோர மீனவர்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் வெதுவெதுப்பான நீரோட்டத்துக்கு வைத்த பெயர். அந்தக் கரையில் சாதாரண நாட்களில் அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்துகொண்டே இருக்கும். சத்தெல்லாம் அதில்தான். அந்தச் சத்தைத் தின்றுதான் அவர்களின் நெத்திலி கூட்டம் கூட்டமாகப் பெருகுகிறது. வெதுநீர் வந்து மூடிக்கொண்டால் நெத்திலி இல்லை. 1972–73 எல் நினோவின்போது, ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்திருந்த அந்த மீன்வளம் ஒரேயடியாகச் சரிந்தது. அப்போது உலகிலேயே பெரிய மீன்பிடிப்பு அதுதான். 2023லும் வடக்கு, நடுக் கரையோரப் பகுதிகளில் முதல் நெத்திலிப் பருவத்தையே பெரு அரசு ரத்து செய்தது. இதைச் சொன்னபோது தூத்துக்குடியில் கருவாட்டு வியாபாரம் செய்யும் நம் உறுப்பினர், "அப்போ கோழித் தீவனம் விலை ஏறியிருக்குமே" என்றார். மீன்தூள் எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

காரணம் காற்றில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டி வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல்நீரை இந்தோனேசியா பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தப் பக்கம் கடல் மட்டம், பெரு பக்கத்தைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். காற்று தளர்ந்தால் குவிந்த சூடு கிழக்கே திரும்புகிறது, மழைமேகங்களும் அதன் பின்னாலேயே போகின்றன. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் காய்கின்றன, பெருவில் பாலைநிலம் வெள்ளத்தில் மிதக்கிறது. காற்று வழக்கத்தைவிடப் பலமாக வீசினால் கிழக்கும் நடுவும் மேலும் குளிர்கின்றன. அது லா நினா. நடுப் பசிபிக்கில் வெப்பம் சராசரியைவிட 0.5 டிகிரி கூடி, அது சில மாதங்கள் நிலைத்தாலே எல் நினோ என்கிறார்கள். அரை டிகிரிதானா என்று பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. சொம்புத் தண்ணீர் அரை டிகிரி சூடானால் விரலுக்குத் தெரியாதுதான். ஆனால் அவர்கள் அளக்கும் கடற்பரப்பு இந்தியாவைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவ்வளவு தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று சும்மா இருக்குமா?

ஆகஸ்ட் கூட்டத்தில் டீச்சர் அக்கா, பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடிய கில்பர்ட் வாக்கரைப் பற்றிப் பேசினார். இந்த ஆண்டின் சிறந்த உரை அதுதான் என்பது என் எண்ணம். தாது வருஷப் பஞ்சத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு வலுவான எல் நினோ வந்து தென்மேற்குப் பருவமழையையும் கெடுத்தது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியது அப்போதுதான். அதே ஆண்டுகளில் சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் மழையில்லாமல் மக்கள் செத்தார்கள். மூன்றுக்கும் ஒரே வேர் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது.

வாக்கர் கணித வல்லுநர், வானிலை படித்தவர் அல்ல. 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். பருவமழை பொய்ப்பதை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா என்பது அவருக்கு வைக்கப்பட்ட கேள்வி. எழுத்தர்களை உட்காரவைத்து உலகெங்கும் வந்த காற்றழுத்த, மழை எண்களை ஒன்றோடொன்று பொருத்திக் கணக்குப் போட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது, தராசுத் தட்டு மாதிரி. அதற்குத் தென் அலைவு என்று பெயர் வைத்தார். ஆனால் தராசை ஆட்டுவது கடல்தான் என்பதை அவர் கண்டுபிடிக்கவில்லை. 1958இல் காலமானார். 1969இல்தான் யாக்கோப் பியர்க்னெஸ் என்ற நார்வேக்காரர் பெரு மீனவர்களின் குழந்தையையும் வாக்கரின் தராசையும் ஒரே கயிற்றில் கட்டினார். "எண்ணை ஒழுங்காக எழுதி வைத்தால் போதும், அர்த்தம் பிறகு ஒருவர் கண்டுபிடிப்பார்" என்று டீச்சர் முடித்தார். சங்கச் சுவரில் எழுதி ஒட்டலாம் என்று தலைவர் சொன்னார். இன்னும் ஒட்டவில்லை. தவறு என்னுடையது.

1982 கதையையும் டீச்சர் சொன்னார். அந்த ஆண்டு மெக்சிகோவில் எல் சிச்சோன் எரிமலை வெடித்து வானில் எழுந்த தூசு, செயற்கைக்கோளின் கடல்வெப்ப அளவைக் குழப்பிவிட்டது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று வளர்ந்துகொண்டிருந்தபோது வல்லுநர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் நிலநடுக்கோட்டுப் பசிபிக் நெடுக சுமார் 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. 1994 முடிவில் அந்த வேலை நிறைவுற்றது. மழைமானியை ஆடு முட்டும் நமக்கு, நடுக்கடலில் மிதவையைப் பராமரிக்கிறவர்களின் பாடு கொஞ்சமாவது புரியும்.

இனி நம் ஊர்க் கணக்கு. தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்கு இரண்டு போகம்: கார் ஒன்று, பிசானம் ஒன்று. காருக்கு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்ய வேண்டும், பிசானத்துக்கு வடகிழக்கு. டிவியில் எல் நினோ என்றாலே வறட்சி என்று சொல்வது தென்மேற்கை மட்டும் மனதில் வைத்து. பெரும்பாலான எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்கு மெலிகிறது, வடகிழக்கோ தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கூடுதலாகவே கொட்டுகிறது. ஆக எல் நினோ நமக்குக் காரில் எதிரி, பிசானத்தில் உறவுக்காரர். 2015இல் பெரிய எல் நினோ, சென்னை முழுகியது. மறு ஆண்டு பசிபிக் திரும்பி லா நினா பக்கம் சாய்ந்தது, இந்தியப் பெருங்கடலும் ஒத்துழைக்கவில்லை. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது.

முதல் பாதி சொன்னபடியே நடந்தது. 2023 ஆகஸ்ட், 1901க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலேயே பருவமழை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்றால் நம் காரைப் பற்றி நான் என்ன சொல்ல? அரிசி விலைக்குப் பயந்து பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை அரசு ஜூலையிலேயே தடை செய்திருந்தது.

இரண்டாம் பாதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். செப்டம்பர் சுற்றறிக்கையில், "எல் நினோ ஆண்டு, இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியும் சூடாக இருக்கிறது, அக்டோபர் முதலே நல்ல மழையை எதிர்பார்க்கலாம்" என்று எழுதியிருந்தேன். இந்தியப் பெருங்கடலுக்கும் இதுபோல் ஒரு தராசு உண்டு. ஆப்பிரிக்கா பக்கம் சூடு, சுமத்திரா பக்கம் குளிர் என்று சாய்ந்தால் நமக்குச் சாதகம். 1997இல் பசிபிக்கில் ராட்சத எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை தப்பியதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். 2002இல் எல் நினோ சுமாரானதுதான், நாட்டில் பெய்ததோ இயல்பில் 81 சதவீதம். இதையெல்லாம் தெரிந்துகொண்டும் அப்படி அடித்துச் சொன்னது என் பிழை. அக்டோபர் வறண்டது. காலையில் மழைமானியைத் திறந்து, "செயலாளரே, இன்றைக்கும் உங்கள் எல் நினோ பூஜ்யம்" என்று ஓர் உறுப்பினர் மாதம் முழுவதும் செய்தி அனுப்பினார். பெயர் சொல்லவில்லை, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரா போனது. நாம் டிவியில் பார்த்து உச்சுக்கொட்டினோம். 17ஆம் தேதி நம் முறை. அது புயல்கூட இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, பெயர்கூட வைக்காதது. ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டு மழை ஒரு நாளில் என்பார்களே, காயல்பட்டினத்தில் அதற்கும் மேல். ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கோயிலில் சோறு பொங்கிப் போட்டார்கள்.

அன்றைய நம் அளவு? இல்லை. ஒரு மழைமானியில்கூட முழு அளவு இல்லை. நம் குடுவைகள் நள்ளிரவுக்கு முன்பே நிரம்பி வழிந்துவிட்டன. டீச்சர் அக்கா மட்டும் குடை பிடித்துக்கொண்டு போய் நான்கு முறை அளந்து கொட்டினார். ஐந்தாவது முறை போனபோது மழைமானி இருந்த இடமே தெரியவில்லை, முழங்கால் தண்ணீர். அவர் எழுதிவைத்த நான்கு எண்களும் பதிவேட்டில் இருக்கின்றன, மொத்தம் போடவில்லை. போடக்கூடாது என்று நானும் அவரும் சேர்ந்து முடிவு செய்தோம். நிறைவுறாத கூட்டுத்தொகையை எழுதினால் பின்னால் பார்க்கிறவர்கள் அதையே அன்றைய மழை என்று நம்பிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாநிலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 2023 வடகிழக்குப் பருவமழை இயல்பை ஒட்டியதுதான். வறண்ட அக்டோபரையும் அந்த டிசம்பரையும் ஒன்றாகக் கூட்டி வகுத்தால் "இயல்பு" வந்துவிடுகிறது. வெள்ளத்துக்கு எல் நினோதான் காரணமா என்று ஜனவரிக் கூட்டத்தில் வாக்குவாதம் வந்தது. அந்தப் பருவத்தில் பெருமழைக்கான வாய்ப்பை அது கூட்டியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சுழற்சி அந்த இரவு அந்த இடத்தில் ஏன் அசையாமல் நின்றது என்பதைப் பசிபிக்கைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. எரிச்சலூட்டும் பதில்தான், வேறு பதில் என்னிடம் இல்லை.

வேறு நாட்டுச் செய்திகளில் இரண்டு மட்டும். மழை குறைந்து ஏரி வற்றியதால் பனாமா கால்வாயில் ஒரு நாளைக்கு 36 கப்பல் போன இடத்தில் 24 ஆகக் குறைத்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் நம் தம்பி இதைச் சொல்லும்வரை, கப்பல் விட மழை வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. அப்புறம் ஒரு பழைய சேதி: 2010–11 லா நினாவில் ஆஸ்திரேலியா மீதும் வேறு நிலப்பகுதிகளிலும் கொட்டிய மழையால் உலகக் கடல் மட்டமே சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியதாம். நம் அளவுகோலால் படிக்கக்கூடிய எண்!

இப்போது, 2024 நடுவில், எல் நினோ முடிந்துவிட்டது. லா நினா வரக்கூடும் என்கிறார்கள். வந்தால் பிசானம் போச்சா என்று பலர் கேட்கிறீர்கள். 2016 உங்கள் நினைவில் இருக்கிறது. சரி, 2021ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் லா நினா ஆண்டுதான், வடகிழக்குப் பருவமழை இயல்பைவிடப் பாதிக்கும் மேல் கூடுதல். ஆகையால் இந்தச் செப்டம்பர் சுற்றறிக்கையில் முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. விதைநெல் வாங்குகிறவர்கள் என் பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

வரும் ஆண்டுக்குப் பெரிய குடுவை உள்ள மழைமானிகள் வாங்க வேண்டும், தரையிலிருந்து உயரமான மேடையில் வைக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கருவாட்டுக் கடை அண்ணாச்சி மேடைக்குச் சிமெண்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூட்டம் முடிந்ததும் நழுவிவிடாமல் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். சந்தா பாக்கி உள்ளவர்களின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது, என் பெயரும் அதில் உண்டு. பதிவேட்டை இனி நெகிழிப் பையில் போட்டு டீச்சர் வீட்டுப் பரணில் வைக்க ஒப்புதல் கோருகிறேன்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நன்றி.

செயலாளர்