தாழம்பூவுக்கு இரண்டு லட்சமா?

வேலூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள கயல்விழிக்கு,

நானும் அம்மாவும் நலம். நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடியது. குடியாத்தம் லுங்கியை ஆன்லைனில் விற்க, 'தாழம்பூ' என்ற டாட் காம் பெயருக்கு, அதாவது வெறும் இணைய முகவரிக்கு மட்டும் இரண்டு லட்சம்! முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். லாங் பஜாரில் முனைக் கடையைப் பிடிக்க நானும் குட்வில் கொடுத்தவன்தானே. நாலு கடை உள்ளே தள்ளியிருந்தால் பாதிப் பணத்தில் முடிந்திருக்கும். நல்ல பெயருக்கு விலை உண்டு என்பதில் எனக்குச் சண்டையில்லை. 2019-ல் வாய்ஸ் டாட் காம் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. ஐந்தே எழுத்து, எல்லாருக்கும் தெரிந்த சொல், காதில் விழுந்தபடியே எழுதிவிடலாம். அது மாதிரி இன்னொன்று கிடைக்காது, கொடுத்தார்கள்.

உன் 'தாழம்பூ' அப்படியா? நீ சொன்னதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். நான் ழ-வுக்கு எல் போட்டேன், கடைப்பையன் இசட் எச் போட்டான். அம்மா கடைசியில் யு-வுக்குப் பதில் இரண்டு ஓ. ஒரே பூ, மூன்று முகவரி! நீ வாங்குவது அதில் ஒன்றைத்தான்; மற்ற இரண்டில் எவன் கடை விரிப்பானோ. உன் பெயரிலேயே அந்த ழி பட்ட பாடு மறந்துவிட்டதா? சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று, திருத்த நடையாய் நடந்தவன் நான்.

இன்னொன்று, இது கிரயம் அல்ல, குத்தகை. டாட் காமை ஒரு நேரத்தில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் பதிந்து வைக்கலாம், புதுப்பிக்க மறந்தால் போச்சு. அதிலாவது பெரிய தொகை ஒருமுறையோடு சரி, பிறகு வழக்கமான வருஷக் கட்டணம்தான். நீ மாற்றாகச் சொன்ன டாட் ஷாப் மாதிரி, முகவரியின் கடைசியில் வரும் புது வால்களில், சில பெயர்களுக்கு அந்த வாலை நடத்துகிற நிறுவனமே பிரீமியம் விலை, அதாவது கூடுதல் விலை வைக்கிறது. புதுப்பிக்கும்போதும் அதே விலை கேட்பதுண்டு. கேட்டாயா? யாருடைய ட்ரேட்மார்க்கிலாவது இடிக்கிறதா என்றும் பார். அவர்கள் முறையிட்டுப் பெயரை வாங்கிக்கொண்டால் உன் இரண்டு லட்சம் திரும்பாது.

ழ, ள, ற இல்லாமல் நாலு பெயர் எழுதி வை. புதன் மதியம் கடை சும்மாதான் இருக்கும், போன் செய். நீ சொல்லச் சொல்ல நானும் பையனும் தனித்தனியாக எழுதுகிறோம். இரண்டும் ஒத்துவந்த பெயருக்குப் பாதிப் பணம் நான் போடுகிறேன்.

அம்மா முள்ளுக் கத்திரிக்காய் எடுத்து வைத்திருக்கிறாள். பெங்களூருக்கு வருகிற ஆள் யாராவது இருந்தால் சொல், காட்பாடி ஸ்டேஷனில் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா