மகளே, பாட்டுக்குள் முத்திரை வை

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பின்னேரத்தில் கோயிலடி மட்டும் நடந்துவிட்டு வருகிறார்.

நீ எழுதி மெட்டுப் போட்ட கீர்த்தனையை அங்கே ரொறன்ரோவில் ஒரு அரங்கேற்றத்தில் பாடினார்களாம். மேடையில் உன் பெயரை ஒருவரும் சொல்லவில்லையாம், நோட்டீஸிலும் இல்லையாம். "இனி எழுதவே மாட்டேன்" என்று நீ கதைத்ததைத் தங்கச்சி சொன்னாள். கோபப்படாதே என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது பிழைதான். ஆனால் எழுதாமல் விட்டால் நட்டம் யாருக்கு?

எங்கள் யாழ்ப்பாணத்து இணுவில் வீரமணி ஐயரைப் பார். 'கற்பகவல்லி நின் பொற்பதங்கள்' ஒலிக்காத அம்மன் கோயில் இங்கே உண்டா? யாருடைய பாட்டு என்று கேட்டால் ரி.எம்.எஸ். பாட்டு என்பார்கள். மயிலாப்பூர் அம்பாளைப் பாடுவதால், எழுதியவரும் அந்தப் பக்கத்து ஆள் என்றே கனபேர் நினைத்திருக்கிறார்கள். எழுதியவரோ 1931இல் இங்கே இணுவிலில் பிறந்தவர். கலாக்ஷேத்திராவில் நடனம் படிக்கச் சென்னைக்குப் போயிருந்த காலத்தில் எழுதியது.

அந்தப் பாட்டை ஒருக்கால் வடிவாகக் கேள். ராகமாலிகை அது, ஒரே பாட்டில் பல ராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனந்தபைரவியில் பாடும்போது அம்பாளை ஆனந்தபைரவி என்றே கூப்பிடுகிறார். கல்யாணி வருகிற இடத்தில் கல்யாணி, அப்புறம் பாகேஸ்ரீ, கடைசியில் ரஞ்சனி. நாலு ராகத்தின் பெயரும் அம்பாளின் பெயராகவே நிற்கின்றன. சும்மா கொண்டுவந்து செருகவும் இல்லை. பாகேஸ்ரீ வருவதற்கு முன்னமே நாகேஸ்வரி, வாகீஸ்வரி என்று எதுகையால் பாதை போட்டு வைத்திருக்கிறார். ராகம் தெரியாத ஆச்சிமாருக்கு அது தோத்திரம். தெரிந்த உனக்கு ராக முத்திரை, ராகத்தின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே பொதிந்து வைப்பது.

இவ்வளவு நுணுக்கம் பார்த்த மனுஷன் தன் பெயரை மட்டும் அதற்குள் வைக்கவில்லை. வைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மற்ற ஆட்கள் தங்கள் பெயரையோ புனைபெயரையோ முத்திரையாகப் பாட்டுக்குள் வைத்தார்களே! தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். தீட்சிதருக்கு 'குருகுஹ', பாபநாசம் சிவனுக்கு 'ராமதாசன்'. கோடீஸ்வர ஐயர் தாய் ராகங்களான 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கீர்த்தனை செய்தவர். அவருடைய முத்திரை 'கவிகுஞ்சரதாசன்'. கவிகுஞ்சர பாரதி அவருடைய பாட்டனார். எனக்கு இவருடைய முத்திரைதான் கூடப் பிடிக்கும், பேரன் பாட்டனாரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நோட்டீஸில் இருக்கும் பெயரை அச்சடிக்கிறவர் விடலாம், மேடையில் அறிவிக்கிறவர் மறக்கலாம். சரணத்துக்குள் இருக்கும் பெயரைப் பாடுகிறவர் விழுங்கினால் தாளம் இடிக்கும்.

வீரமணி ஐயரும் 72 மேளத்திலும் செய்திருக்கிறார். பிழைப்புக்குக் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளர் வேலை, அதற்கிடையில்தான் இத்தனையும். 72இல் 40 விவாதி மேளம், பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் ஒன்றோடொன்று இடிக்கிறவை என்று உனக்குத் தெரியும். முதலாவது கனகாங்கியிலேயே சுத்த ரிஷபத்தோடு ஒட்டிக்கொண்டு சுத்த காந்தாரம் வந்து நிற்கும். பாடகர்கள் கனபேர் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்க மாட்டார்கள். யார் பாடப் போகிறார்கள் என்று யோசித்திருந்தால் அவர் கனகாங்கியிலேயே பேனையை மூடியிருப்பார். கோயில்களுக்கு ஊஞ்சல் பாட்டு வேறு எழுதிக் கொடுத்தார். பின்னாளில் யாழ். பல்கலைக்கழகம் கௌரவ முதுகலைமாணிப் பட்டம் கொடுத்தது. 2003இல் காலமானார். நீ வங்கி வேலை முடிந்து வந்து இரவில் எழுதுகிறேன் என்று அலுத்துக்கொள்கிறபோதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் கீர்த்தனை நல்லூர் முருகன்மேல்தானே? சரணத்தில் இரண்டாம் எழுத்து 'ரா' என்றுதானே போகிறது? மூன்றாம் அடியில் 'பராசக்தி பாலனே' என்று வைத்துப் பார். எதுகையும் ஒட்டும், அப்பாச்சியின் பெயரும் வந்துவிடும். இனி எழுதுகிற எல்லாவற்றிலும் பராசக்தியையே வை. ஒரு பாட்டில் வந்தால் அது முருகனின் தாய், பத்துப் பாட்டில் வந்தால் அது நீ. முத்திரை இருக்கிறதே என்று தாளில் பெயர் போடாமலும் விடாதே. சுரப்படுத்தி, மேலே ராகம், தாளம், உன் முழுப்பெயர் மூன்றையும் எழுதாமல் எந்த ரீச்சருக்கும் கொடுக்காதே. நீ வெட்கப்படுகிற ஆள், அதனால்தான் இதைத் திருப்பிச் சொல்கிறேன்.

சரணத்தைத் திருத்தி வட்ஸ்அப்பில் பாடி அனுப்பு. சுருதியோடு பாடு, போன முறை அனுப்பியதில் மேல் ஸட்ஜம் ஒட்டவில்லை. சித்தப்பா அடுத்த மாதம் ரொறன்ரோ வருகிறார். மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் அவரிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா