மாசியில் வீடு பார்க்காதே, மச்சான்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதமும் மூன்று வீட்டுப் படங்களும் கிடைத்தன. அமெரிக்காவுக்குப் போய் மினசோட்டாவில் இத்தனை வருஷம் வேலை செய்து பிள்ளைகளையும் ஆளாக்கியாச்சு, இனி முழங்கால் நோவோடு வாசலில் பனி வழிக்க ஏலாது என்று நீ எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் சந்தோஷம். பாலைவன மாநிலமான அரிசோனாவுக்குப் போவது நல்ல முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்றில் ஒரு வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இருக்கிறது. அதனால்தான் ஃபோனில் கதைக்காமல் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் தங்கச்சியும் வாசிப்பா, முற்பணம் கட்டமுன் இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம்.

பீனிக்ஸுக்கு வெளியே, ஒரு ஏக்கர் வளவோடு, பின்பக்கம் மலை தெரிகிற வீடு என்று அனுப்பியிருந்தாயே, அதைத்தான் சொல்கிறேன். வடிவான வீடு. விலையும் மற்ற இரண்டையும்விடக் குறைவு. விளம்பரத்தின் கடைசி வரியில் பார், தண்ணீர் பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், வரும், வளவுக்குள் தொட்டி இருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். மச்சான், நீ யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்து வளர்ந்தவன். கிணற்றுப் பங்கு இல்லாத காணியை உன் அப்பா வாங்கியிருப்பாரா? காணி உறுதிப் பத்திரத்தில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகுதானே நம் ஆட்கள் எல்லையையே அளப்பார்கள். வருஷத்துக்கு 1,200 மில்லிமீற்றருக்குக் கிட்ட மழை பெய்கிற ஊரில் அந்த அளவு கவனம். பீனிக்ஸில் விழுவது 200 மில்லிமீற்றரும் வராது.

நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. மகள் குடும்பம் அரிசோனாவிலேயே டூசான் நகரத்தில் வீடு வாங்கியபோது நாங்களும் அங்கே போய் இருந்தோம், மருமகனோடு ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். அப்போது எல்லோரும் ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் கதையைத்தான் சொன்னார்கள். ஸ்கொட்ஸ்டேல் நகரத்தை ஒட்டிய இடம், ஆனால் நகர எல்லைக்குள் வராது. அங்கே பல நூறு வீடுகள் ஸ்கொட்ஸ்டேலில் நிரப்பிய பவுசர் தண்ணீரை நம்பி இருந்தன. வறட்சி முற்றியதும், முதலில் எங்கள் நகரத்து ஆட்களுக்கு என்று சொல்லி, 2023 ஜனவரி 1 இல் நகரம் அதை நிறுத்திவிட்டது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தார்கள், அதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெருங்காசு போட்டு வீடு கட்டியவர்கள் மழைத் தண்ணீரை வாளியில் பிடித்து மலசலகூடத்துக்கு ஊற்றினார்கள், தூர இடத்திலிருந்து கூடின விலைக்குப் பவுசர் எடுத்தார்கள். அந்த வருஷக் கடைசிப் பகுதியில்தான் ஒரு இடைக்கால ஏற்பாடு வந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் வீடு கட்ட எப்படி விட்டார்கள் என்று நீ கேட்பாய், நானும் கேட்டேன். அரிசோனாவில் 1980 இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தார்கள். பீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளில் காணியைப் பிரித்து வீட்டுத்திட்டம் போடுகிறவர் 100 வருஷத்துக்குத் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் ஆறு துண்டு அல்லது அதற்கு மேல் பிரித்தால்தான் அது பொருந்தும். ஐந்து துண்டாகப் பிரித்து விற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். நீ பார்த்த வீடும் அந்த வழியில் வந்த காணியாக இருக்கலாம், கட்டாயம் விசாரி. 2023 ஜூனில் மாநில அரசே, பீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புதிய வீட்டுத்திட்டங்களுக்கு இனி அந்த 100 வருஷச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. அவ்வளவு தூரத்துக்கு வந்துவிட்டது நிலைமை.

சரி, குழாய்க்கிணறு அடிக்கலாம்தானே என்று எழுதியிருந்தாய். எங்கள் கிணறு கார்த்திகை மழையோடு நிரம்பும், ஆவணியில் வற்றும், திரும்ப நிரம்பும். அந்தப் பாலைவனத்தில் ஆழத்தில் இருக்கிற தண்ணீர் பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இறங்கியது, எடுத்தால் எடுத்ததுதான். எங்கள் ஊரில் அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் மேலே ஏறும், நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீருமாக இருப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே அளவுக்கு மீறி இறைத்ததில் நிலமே கீழே இறங்கியிருக்கிறது, பினால் கவுண்டி என்கிற மாவட்டப் பக்கம் தரை நீளமாகப் பிளந்து கிடக்கிற இடங்கள் உண்டு. கிணறு உள்ள வீடு என்றால் அதன் பதிவிலக்கத்தைக் கேள், 55 என்று தொடங்கும். மாநில நீர்வளத் திணைக்களத்தின் பதிவில் கிணற்றின் ஆழமும், அடித்தபோது தண்ணீர் எத்தனை அடியில் நின்றது என்பதும் இருக்கும். இன்றைய மட்டத்தை ஆள் பிடித்து அளக்க வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார். ஆர்செனிக் என்கிற நஞ்சு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும், அங்கே மண்ணிலேயே அது உண்டு, தனியார் கிணற்றை யாரும் வந்து சோதித்துத் தரமாட்டார்கள்.

எனக்கு உன் மூன்றாவது வீடுதான் பிடித்திருக்கிறது, டூசானில் நகரத் தண்ணீர் வருகிற அந்தச் சின்ன வீடு. டூசான் தண்ணீர்க் கதை நம் ஆட்கள் படிக்க வேண்டிய கதை. கொலராடோ ஆற்றுத் தண்ணீர் 336 மைல் கால்வாயில் பாலைவனத்தைக் கடந்து வருகிறது. 1992 இல் அதை நேராகவே பைப்பில் விட்டார்கள், பழைய குழாய்களின் துரு கரைந்து வீடு வீடாகச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, சனம் கொதித்துப்போய் அதை நிறுத்த வைத்தது. பிறகு அந்த ஆற்றுத் தண்ணீரை அவ்ரா பள்ளத்தாக்கில் பெரிய குளங்களில் விட்டு, மண்ணுக்குள் இறங்க வைத்து, அங்கே கிணறுகளால் இறைத்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் குளத்தைத் தூர்வாரினால் சுற்றுவட்டாரக் கிணறு ஊறும் என்று காலம் காலமாகச் சொல்லுகிறோமே, அதைத்தான் அவர்கள் ஒரு நகரத்துக்கே செய்திருக்கிறார்கள். அந்தக் குளங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்த ஆறும் நிச்சயமில்லைத்தான். 2022 இல் அரிசோனாவுக்கு வெட்டு விழுந்தது, தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டுப்படுகிறவர்களில் அந்தக் கால்வாய்க்காரரும் உண்டு, இப்போதைய பங்கீட்டு விதிகளும் 2026 முடிவோடு காலாவதியாகின்றன. ஆனாலும் நிலத்துக்குள் சேமித்து வைத்திருக்கிற நகரத்துக்கும் பவுசரை எதிர்பார்த்து நிற்கிற வீட்டுக்கும் வித்தியாசம் நிறைய.

அப்புறம் வெக்கை. நீ மாசியில் போய்ப் பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். மாசியில் டூசானில் பகலில் 20, 22 பாகை செல்சியஸ், எந்த வீடும் சொர்க்கம் மாதிரித்தான் இருக்கும். ஆடியில் போ. பின்னேரம் நாலு மணிக்கு வீட்டுக்குள் நின்று பார், மேற்குப் பக்கம் எத்தனை யன்னல், வெளியே நிழல் இருக்கிறதா, ஏசி நிறுத்தாமல் ஓடுகிறதா, எத்தனை வருஷப் பழசு. 2023 இல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 பாகை ஃபரனைட்டுக்குக் குறையாத வெயில், 43 செல்சியஸ். அந்த வருஷம் பீனிக்ஸ் இருக்கிற மரிகோப்பா கவுண்டியில் மட்டும் 645 பேர் வெப்பத்தால் இறந்தார்கள், வீட்டுக்குள் இறந்தவர்களில் பெரும்பாலானோரின் வீட்டில் ஏசி வேலை செய்யவில்லை. நமக்கு வயது அறுபது தாண்டியாச்சு. டூசான் பீனிக்ஸைவிட 1,300 அடியளவு உயரம், அதனால் கொஞ்சம் குறைவு. யாழ்ப்பாணத்துக் காண்டாவன வெயில் பழகின உடம்பு என்று நினைக்காதே, எங்கள் புழுக்கத்தில் வியர்வை ஒழுகும், களைப்பு தெரியும். அங்கே வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடும், உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிற பழைய மெசின் மட்டும் உள்ள வீடு வேண்டாம். ஆனியில் அது நல்லாய் வேலை செய்யும், ஆடி ஆவணியில் மழைக்காற்று ஈரத்தோடு வந்தால் ஒன்றும் செய்யாது.

அந்த மழைக்காலம் மட்டும் நீ அனுபவிக்க வேண்டும். புழுதி சுவராக எழும்பி வரும், பிறகு மின்னல், பிறகு காய்ந்த ஆறுகள் ஒரு மணித்தியாலத்தில் கரைபுரளும். வீடு அப்படியான வாய்க்கால் ஓரத்தில் இல்லையா என்று வெள்ள வரைபடத்தைப் பார். புழுதியில் ஒரு பூஞ்சை இருக்கிறது, வாலி ஃபீவர் (Valley Fever) என்று நுரையீரல் காய்ச்சல் வரும். போய்ச் சில மாதத்தில் இருமல் விடாவிட்டால் டொக்டரிடம் அந்தப் பெயரை நீயே சொல்லு.

தங்கச்சி கறிவேப்பிலை வைக்க முடியுமா என்று கேட்டா என்றாய். சட்டியில் வைத்துக் குளிருக்கு உள்ளே எடுத்தால் வரும். முருங்கை நிலத்திலேயே நிற்கும், உறைபனியில் கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் குழி வெட்ட அலவாங்கு வேண்டும், மண்ணுக்குக் கீழே கலீச்சி என்கிற சுண்ணாம்புப் படை கல்லாய் இறுகிக் கிடக்கும், நம்முடைய வலிகாமத்துத் தரை மாதிரி. குழியில் தண்ணீர் விட்டு இறங்குகிறதா என்று பார்த்த பிறகு நடுங்கள். கோயிலுக்கு மரிகோப்பா ஊரில் மகா கணபதி கோயில் இருக்கிறது, டூசானிலிருந்து காரில் போய் வரலாம்.

இங்கே புதினம் என்றால் தண்ணீர்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற திட்டம் 2024 இல் திறந்தார்கள். பக்கத்து வளவில் வெங்காயத்துக்கு இறைக்கிறவரிடம் உரத்தைக் குறையுங்கோ, நைத்திரேற்று எங்கள் எல்லோருடைய கிணற்றுக்கும் வருகுது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இந்தப் போகம் கொஞ்சம் குறைத்திருக்கிறார். மனைவிக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது.

ஒப்பந்தம் எழுதினால் அங்கே வழக்கமாகப் பத்து நாள் பரிசோதனைக்குத் தருவார்கள். அந்தப் பத்து நாளுக்குள் கூரை, ஏசி, கறையான், தண்ணீர் நாலையும் பார்த்துவிடு, திருப்தி இல்லையென்றால் அதற்குள் எழுத்தில் அறிவித்து விலகலாம். மருமகன் வார இறுதியில் வந்து உன்னோடு நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவருடைய இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பீனிக்ஸ் வீட்டை விட மனமில்லை என்றால், தண்ணீர் எங்கே நிரப்புகிறார்கள், யாரோடு ஒப்பந்தம், எத்தனை வருஷத்துக்கு என்று விற்கிறவரிடம் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சதமும் கட்டாதே.

அன்புடன்,
உன் மச்சான்