செயலாளர் ஆண்டறிக்கை: சங்கத்துப் பொலிக்குதிரையும் அதன் குட்டிகளும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், அந்தியூர் வட்டாரத்துக் குதிரை வளர்ப்போரான உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசித்தளிப்பார். எனவே, நாம் பணம் திரட்டி ராஜஸ்தானிலிருந்து இனவிருத்திக்காக வாங்கிவந்த மார்வாரி இன ஆண்குதிரையான பொலிக்குதிரை போட்ட பணத்துக்குத் தகுமா என்று சென்ற பொதுக்குழுவில் எழுந்த கேள்விக்கே இவ்வறிக்கையை ஒதுக்கியுள்ளேன்.

பெட்டைக் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம் ஆகையால், இவ்வாண்டு ஈன்ற குட்டிகள் யாவும் சென்ற பருவத்தில் இணை சேர்ந்தவற்றின் பயனாகும். அப்பருவத்தில் 14 பெட்டைகள் கொண்டுவரப்பட்டு 9 சினை பிடித்தன. இந்தக் கணக்கை மட்டும் வைத்துக் குதிரையைப் புகழவோ பழிக்கவோ இயலாது. பெட்டைக்கு 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைப் பருவம் வந்து ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கும். கருமுட்டை வெளிப்படுவது பெரும்பாலும் அதன் கடைசி ஓரிரு நாட்களில்தான். நம் உறுப்பினர் சிலரோ முதல் நாளே வண்டியேற்றிக் கொண்டுவந்து, வாடகைக்கு அஞ்சி மறுநாளே திருப்பிக்கொண்டு போய்விட்டனர். அப்படிச் சினை பிடிக்காமல் போனதைக் குதிரையின் தலையில் கட்டுவது நியாயமன்று.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தை மாதத்தில் குதிரைக்கு நான்கு நாள் கடுங்காய்ச்சல் கண்டது. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டு மாதம் ஆவதால், காய்ச்சலின் பாதிப்பு உடனே தெரியாமல் மாசி, பங்குனியில்தான் தெரிந்திருக்கக்கூடும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். பங்குனியில் வந்த மூன்று பெட்டைகளில் ஒன்றுகூடச் சினையாகவில்லை என்பது இதனோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு பெட்டையும் எத்தனையாவது வேட்கைப் பருவத்தில் சினை பிடித்தது என்பதைச் சித்திரை வரை பதிவேட்டில் எழுதாமல் விட்டது என் தவறு. அதனால் முழுமையான கணக்கை என்னால் இப்போது தர முடியவில்லை.

பிறந்த 9 குட்டிகளில் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. அக்குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்றும், தாய் முதல் ஈற்று என்பதால் மடியைத் தொடவிடாமல் உதைத்துக்கொண்டே இருந்தது. சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டலாம் என்று வீட்டாருக்குத் தோன்றியபோது மறுநாள் மாலையாகிவிட்டது. சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்தைக் குட்டியின் குடல் முதல் 24 மணி நேரத்துக்குள்தான் ஏற்கும், அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது. ஆகவே இந்த இழப்பைப் பொலிக்குதிரையின் கணக்கில் எழுதவில்லை.

மீதமுள்ள 8 குட்டிகளைக் குழுவினர் ஒரு மாதத்திலும், மூன்றாம் மாதத்திலும், ஆறாம் மாதத்திலும் கெட்டித்தரையில் நடக்கவிட்டு, முன்னாலும் பின்னாலும் நின்று பார்த்தோம். பிறந்த வாரத்தில் முழங்கால் கோணியிருந்த இரண்டு குட்டிகளுக்கும் மூன்றாம் மாதத்துக்குள் கால் நேராகிவிட்டது. குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்குவோர் முதலில் கேட்பது உடல் மயிரிலுள்ள சுழியையும் நிறத்தையும்தான். சுழிக்குச் சந்தையில் விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் குளம்பு எப்படித் தேயும், கால் எப்படி விழும் என்பதைச் சுழி சொல்வதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு விளக்கம். நம் குதிரை வெள்ளையாக இருக்க, ஐந்து குட்டிகள் கறுத்தும் சிவந்தும் பிறந்தது கண்டு மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடம் கோபித்துக்கொண்டார். நம் குதிரையும் கறுப்பாகப் பிறந்து வயதேற நரைத்ததே. அவ்வகை நரை குட்டிகளில் ஏறத்தாழ பாதிக்காவது இறங்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை மயிர் முளைக்கிறதா என்று பார்த்தால் சில மாதத்திலேயே அடையாளம் தெரியும். அவர் குட்டிக்கு இப்போது கண்ணோரம் வெளுத்திருக்கிறது, அவரும் பேசுகிறார்.

குட்டியின் குணத்தில் பாதி தாயினுடையது. ஆகையால் முன்பு வேறு பொலிக்குதிரைக்குக் குட்டி ஈன்ற இரண்டு பெட்டைகளின் குட்டிகளை ஒப்பிட்டோம். இரண்டிலும் இவ்வாண்டுக் குட்டிக்குக் கழுத்து நீண்டும், தோள் சரிந்தும், எலும்பு சற்று மெலிந்தும் இருக்கிறது. இரு குட்டிகளை வைத்து இதற்குமேல் சொல்வது மிகையாகும்.

குறை என்று நான் குதிரையின் பேரில் எழுதுவது ஒன்றே. இரண்டு குட்டிகளுக்கு மேல்வரிசைப் பல் கிளிமூக்குப்போல் முன்தள்ளியிருக்கிறது. தாய்களின் வாய் சரியாகவே உள்ளது. பிறகு பொலிக்குதிரையின் உதட்டை விலக்கிப் பார்த்தால், அதற்கும் அதே குறை இலேசாக இருக்கிறது. வாங்கியபோது வயதுக்காகப் பல்லை எண்ணினோம், நுனி தொட்டு வளைந்த காதுகளைக் கண்டு மகிழ்ந்தோம்; இரண்டு வரிசையும் பொருந்துகிறதா என்று ஒருவரும் பார்க்கவில்லை. இது மரபுவழி வரக்கூடியது என்று கருதப்படுவதால், இதன் ஆண்குட்டிகளில் எதையும் பொலிக்கு நிறுத்த வேண்டாம் என்றும், பல் தள்ளிய பெட்டைகளை இதனோடு சேர்க்க வேண்டாம் என்றும் நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இன்னும் ஒரு பருவத்துக்கு வைத்துப் பார்க்கலாம், அதன் பெண்குட்டிகள் வளர்ந்து தகப்பனோடே சேர நேராதபடி அதற்குள் மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து.

வரும் பருவத்துக்கு முன் விந்துப் பரிசோதனை செய்யப்படும். கொண்டுவரும் பெட்டைகளுக்குக் கிளாண்டர்ஸ் என்னும் குதிரைத் தொற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சீட்டு கட்டாயம். அந்நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் இதில் விலக்கு இல்லை. வேட்கைப் பருவம் தெரிந்த தேதி, இணை சேர்த்த தேதிகள், குட்டியின் பல்வரிசை ஆகியவற்றுக்குத் தனிக் கட்டங்களுடன் புதிய பதிவேடு அச்சாகி வந்துள்ளது. உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் தத்தம் பெட்டைகளின் விவரங்களை அதில் எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்